பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் டேஷ்போர்டு கடகடப்பு: கழற்றுவதற்கு முன் கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். 1960களின் பிற்பகுதியில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்களிடம் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் டேஷ்போர்டின் நடுப்பகுதியில் ஒரு கடகடப்பு கிளம்புகிறது, மோசமான சாலையில் அது இன்னும் பெருகுகிறது. கண்ணில் பட்ட ஸ்க்ரூக்களை எல்லாம் இறுக்கிப் பார்த்தாயிற்று, பின்புறத்தில் ஸ்பாஞ்சும் அடைத்தாயிற்று, பலனில்லை. டேஷ்போர்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டால் கண்டுபிடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கழற்றிய கணமே சத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருந்த நிலைமை கலைந்துவிடும். எந்த இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன என்பதற்கான சாட்சியமும் அதோடு போய்விடும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வெயிலும் ஈரமும் கண்ட ஒயர்களின் மேலுறை இறுகிப்போயிருக்கும். அவற்றை இழுத்து வளைத்தால் விரிசல் விடும். ஒரு கடகடப்பைத் தேடப் போய் மூன்று மின்கோளாறுகளோடு திரும்பிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் எங்கே என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எப்போது என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிட்டால், தேட வேண்டிய இடம் கால்வாசியாகக் குறைந்துவிடும்; பல வண்டிகளில் டேஷ்போர்டைத் தொடவே வேண்டியிருக்காது.

அதற்கு முன் இந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் ஹெரால்டு. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. அந்த நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வாங்கிவிட்டதால், முழு பாடியையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆளில்லாமல் போயிற்று. ஆகவே சேசிஸ் எனப்படும் தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, அதன்மேல் முன்பகுதி, பின்பகுதி, கூரை என்று துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். உதிரிகளாக இறக்கிப் பூட்டும் நாடுகளுக்கு இந்த அமைப்பு வசதியாகவும் இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது.

இந்த வரலாறு உங்கள் சத்தத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாடி முழுவதும் பற்றவைத்த ஒரே கூடு. ஹெரால்டிலோ இணைப்புகள் போல்ட்டுகளை நம்பியிருக்கின்றன, அந்த இணைப்புகளுக்கிடையே ரப்பரும் பேக்கிங்கும் இருக்கின்றன. ரப்பர் இறுகிச் சுருங்கும்போது ஒவ்வொரு இணைப்பும் சத்தம் எழுப்பத் தகுதி பெற்றுவிடுகிறது. எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர், அதாவது மெக்கானிக்குகள் ஃபயர்வால் என்று சொல்லும் பகுதி, அந்த அதிர்வுகள் அனைத்தையும் வாங்கி டேஷ்போர்டுக்குக் கொடுக்கிறது. வீணையில் அதிர்வது தந்தி, ஒலிப்பது குடம். இங்கே குடத்தின் வேலையை டேஷ்போர்டும் அதற்கு மேலுள்ள தகடும் செய்கின்றன. மேலும் மனிதக் காது இடம், வலம் என்பதை நன்றாகப் பிரித்தறியும். மேல், கீழ், முன், பின் என்பவற்றில் எளிதில் ஏமாறும். எதிரே இருக்கும் கண்ணாடி எல்லாச் சத்தத்தையும் முகத்துக்கு நேரே திருப்பி அனுப்புவதால், எஞ்சின் அறையில் பிறந்த சத்தம்கூட நடு டேஷ்போர்டிலிருந்து வருவதாகவே தோன்றும். நீங்கள் நடுப்பகுதி என்று சொல்வதை நான் ஒரு துப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, அடைத்த ஸ்பாஞ்சை வெளியே எடுப்பது. அது சத்தத்தை நிறுத்தாமல் இடம் மாற்றி மட்டும் காட்டும் என்பதால் எந்தச் சோதனையையும் நம்ப முடியாமல் செய்துவிடும். பல்பு ஹோல்டர்களையும் ஒயர் முனைகளையும் அழுத்தும். மழைநீர் கசியும் வண்டியானால் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும். அதை எடுத்த பிறகு வண்டியைக் காலி செய்யுங்கள். கிளவ் பாக்ஸ், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள தட்டு, ஆஷ்ட்ரே, கதவுப் பைகள், சீட்டுக்கு அடிப்புறம், டிக்கியிலுள்ள ஜாக்கி, ஸ்பேனர்கள், ஸ்டெப்னி என எதையும் விடாமல் இறக்கிவிட வேண்டும். இக்னிஷன் சாவியோடு தொங்கும் சாவிக்கொத்தைக் கழற்றி, ஒரே சாவியில் வண்டியை ஓட்ட வேண்டும். இது மிக எளிய காரியம் என்பதாலேயே பலர் செய்வதில்லை. டேஷ்போர்டில் மோதும் சாவிக்கொத்துதான் காரணம் என்று முடிந்த தேடல்கள் குறைவில்லை.

இனி, எப்போது என்ற கேள்வி. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஐட்லிங்கிலிருந்து ஆக்சிலரேட்டரை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு நிலையில் அதே கடகடப்பு கேட்டால் காரணம் எஞ்சின் அதிர்வு. சாலைக்கும் சக்கரத்துக்கும் அதில் பங்கில்லை. கேட்கவில்லையென்றால் சமமான, ஆள்நடமாட்டமில்லாத சாலைக்குப் போய், டாப் கியரில் 45 கிலோமீட்டர் வேகத்தில் சத்தத்தை வரவழையுங்கள். அங்கே எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மூன்றாம் கியரில் அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் மறுபடியும் 45இல்தான் வருகிறது என்றால் அது வண்டியின் வேகத்தைப் பின்பற்றுகிறது. 30 கிலோமீட்டர் அருகிலேயே வந்துவிட்டதென்றால் அது எஞ்சின் சுற்றைப் பின்பற்றுகிறது, ஏனெனில் மூன்றாம் கியரில் 2,000 சுற்று அந்த வேகத்திலேயே வந்துவிடும். மூன்றாவது சோதனையாக, 50இல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை அணைக்காமல் ஐட்லிங்கில் விட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது வண்டியின் வேகத்தோடு வருவது, உடனே நின்றால் எஞ்சினோடு வருவது. எஞ்சினை அணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தேவையில்லை, ஆபத்தானதும்கூட. நான்காவதாக, நடை வேகத்தில் ஒரு மோசமான சாலையில் போய்ப் பாருங்கள்; அப்போதும் கேட்டால் அது பள்ளத்தோடு வரும் சத்தம். ஐந்தாவதாக, வீட்டு வாசல் சரிவில் ஒரு முன்சக்கரம் மட்டும் மேடேறும்படி மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அப்போது பாடி முறுகும், முறுகும்போது மட்டும் வரும் சத்தம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

இவற்றைச் செய்யும்போது பெரும்பாலும் ஓர் உண்மை வெளிப்படும். ஒரே கடகடப்பு என்று நாம் நினைத்திருந்தது இரண்டு சத்தங்களாக இருக்கும். ஒன்று வேகத்தோடு வரும், மற்றொன்று பள்ளத்தோடு வரும். உங்கள் விவரிப்பிலேயே இந்த இரண்டும் சேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்றைச் சரிசெய்த பிறகும் மற்றொன்று கேட்டுக்கொண்டிருப்பதால், செய்த வேலை பலிக்கவில்லை என்று எண்ணி அதைக் கலைத்துவிடுவது இந்தத் தேடலில் அடிக்கடி நடக்கும் விபத்து. எனவே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் துரத்துங்கள்.

எஞ்சின் சுற்றோடு வரும் சத்தம் என்று தெரிந்தால், டேஷ்போர்டைவிட அதோடு எஞ்சினை இணைக்கும் பொருள்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இருமுறை எரிப்பு நடப்பதால், 2,000 சுற்றில் வினாடிக்கு 65 தடவைக்கு மேல் ஓர் உந்தல் கிடைக்கிறது. தளர்ந்த எந்த மெல்லிய தகடும் அந்த எண்ணிக்கைக்கு இயல்பாக ஒத்ததிர்வு கொண்டிருந்தால் அந்தச் சுற்றில் மட்டும் பாடும், அதற்கு மேலும் கீழும் அமைதியாகிவிடும். சோக் கேபிள் ஃபயர்வாலின் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, ஆக்சிலரேட்டர் கம்பி இணைப்புகளின் புஷ் (அசையும் இணைப்புக்குள் இருக்கும் சிறு உருளை வளையம்) தேய்ந்து ஆடுகிறதா, சைலன்சரின் முன்குழாய் தரைத்தகட்டையோ சேசிஸையோ தொடுகிறதா, எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள் எண்ணெயில் ஊறித் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கியர் லீவரின் மேல் கையை அழுத்தி வையுங்கள். இந்த வண்டியின் கியர் லீவர் இணைப்பிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் வரும் நடுக்கம் நடு டேஷ்போர்டிலிருந்து வருவதுபோலவே கேட்கும். கை வைத்ததும் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. அம்பாசிடரும் பத்மினியும் வைத்திருப்பவர்கள் இதே சோதனையை ஸ்டீயரிங் தண்டை ஒட்டிய கியர் கம்பிகளில் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் மேலுள்ள கழற்றக்கூடிய மூடியும் இதே பட்டியலைச் சேர்ந்தது; அதன் ஸ்க்ரூக்களில் பாதி தொலைந்துபோயிருப்பது சாதாரணம்.

வண்டியின் வேகத்தோடு வரும் சத்தம் என்றால் என் முதல் சந்தேகம் ஸ்பீடாமீட்டர் கேபிள்தான். 40 முதல் 50 என்று நீங்கள் வேகத்தைக் குறுக்கிச் சொல்வதும் அதற்கே பொருந்துகிறது. ஒரு மைலுக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்று என்ற அளவில் சுழலும் கேபிள், 45 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். உள்கம்பி ஓரிடத்தில் வளைந்திருந்தாலோ காய்ந்திருந்தாலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெளிக்குழாயில் மோதி டிக் டிக் என்று ஒலிக்கும், வேகம் கூடும்போது அது கடகடப்பாக மாறும். அந்த நேரத்தில் ஸ்பீடாமீட்டர் முள்ளையும் கவனியுங்கள். முள் நிலையாக நிற்காமல் துடித்தால் சந்தேகம் ஏறத்தாழ உறுதியாகிவிடும். ஆனால் இந்த வண்டியின் 13 அங்குலச் சக்கரமும் அதே வேகத்தில் வினாடிக்கு ஏழு முறைக்கு அருகிலேயே சுற்றுகிறது. எனவே பேலன்ஸ் இல்லாத சக்கரத்தின் உதறலையும் கேபிளின் தட்டலையும் காதால் மட்டும் பிரிக்க முடியாது. கேபிளைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அதை இப்படிச் செய்ய வேண்டும். பேட்டரியின் எர்த் முனையை, அதாவது பாடியோடு இணைந்திருக்கும் முனையை, கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கையை நுழைத்து, ஸ்பீடாமீட்டரின் முதுகிலுள்ள வரிகள் போட்ட வட்ட நட்டை விரலால் திருகுங்கள். அது ஏற்கெனவே பாதி தளர்ந்திருந்தால் அங்கேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெளிக்குழாயைப் பிடித்துக்கொண்டு உள்கம்பியை மேற்புறமாக உருவி எடுங்கள். எர்த்தை மீண்டும் இணைத்து, அந்தக் கம்பி இல்லாமலேயே அதே சாலையில் ஓட்டுங்கள். வேகத்தை உடன் வருபவரின் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் போய்விட்டால் கம்பியை ஒரு சமமான மேசைமேல் வைத்து உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் துள்ளினால் அந்த இடத்தில் வளைவு இருக்கிறது, அதை நிமிர்த்திப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது. வளைவில்லாத கம்பியைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குக் காய்ந்ததாகவே விட்டு உள்ளே செலுத்துங்கள். முழுவதும் தடவினால் சுழற்சியில் கிரீஸ் மேலேறி ஸ்பீடாமீட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். உள்கம்பியின் சதுர முனை வெளிக்குழாய்க்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெளிக்குழாய் எந்த இடத்திலும் சுருக்கென்று வளையக்கூடாது. ஆறு அங்குல ஆரத்துக்குக் குறைந்த வளைவு இருந்தால் எவ்வளவு கிரீஸ் போட்டாலும் சத்தம் திரும்பும். ஃபயர்வாலைக் கடக்கும் துளையிலுள்ள ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் குழாயே தகட்டில் மோதிக்கொண்டிருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள்.

இனி பள்ளத்தில் வரும் சத்தம். இங்கே தேடலுக்கு முன் ஒரு பாதுகாப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிறு கற்கள்மேல் ஏறும்போதே காலடியில் டொக் டொக் என்று கேட்டால், அது டேஷ்போர்டு விவகாரமாக இல்லாமல் முன் சஸ்பென்ஷனாக இருக்கலாம். ஹெரால்டின் முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ் ட்ரன்னியன் என்ற பாகத்துக்குக் கிரீஸைவிட ஈ.பி. 90 கியர் ஆயிலே உரியது. அதைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட வண்டிகளில் அதில் திருகி நிற்கும் தண்டு துருப்பிடித்து முறிந்து சக்கரம் சாய்ந்துபோன சம்பவங்கள் இந்த வகைக் கார்களில் நன்கு அறியப்பட்டவை. ஆகவே முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கே ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே உள்ளே தேடுங்கள்.

அது நன்றாக இருந்தால், பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்து அசையுங்கள். இந்த வண்டியில் பேட்டரி ஃபயர்வாலின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது உங்கள் டேஷ்போர்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில், ஒரு தகட்டின் இடைவெளியில். அசல் அளவைவிடச் சிறிய பேட்டரியைப் போட்டு, பழைய கிளாம்ப் அதைப் பிடிக்காமல் நிற்கும் வண்டிகள் ஏராளம். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் அந்தத் தட்டில் தாவிக்கொண்டிருந்தால் உள்ளே எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது பானெட்டே. முன்புறம் கீல் வைத்து, முன்சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக மேலெழும் இந்தப் பானெட், பின்புறம் இரு பக்கத்துக் கொக்கிகளாலும் ரப்பர் முட்டுகளாலும்தான் நிலைபெறுகிறது. அந்த ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தால் பானெட்டின் பின்விளிம்பு கண்ணாடிக்குக் கீழேயுள்ள தகட்டில் தட்டும். பானெட்டை மூடிய நிலையில் பின்மூலை ஒன்றில் உள்ளங்கையை வைத்து அமுக்கி விடுங்கள்; அசைவு தெரிந்தால் முட்டு ரப்பர்களை மாற்றி, கொக்கிகள் சற்று அழுத்திப் போட வேண்டிய அளவுக்கு இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். புதிய ரப்பர் கிடைக்கும்வரை பழைய சைக்கிள் டியூபை இரண்டாக மடித்து வைத்து ஓட்டிப் பார்க்கலாம், சோதனைக்கு அதுவே போதும்.

ஸ்டீயரிங் தண்டும் இந்த வரிசையில் வருகிறது. வெளிக்குழாயின் மேல், கீழ் முனைகளிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் உள்தண்டு பள்ளங்களில் குழாயோடு மோதும். அந்தக் குழாயை டேஷ்போர்டின் அடியில் பிடித்திருக்கும் கிளாம்ப் வழியாகச் சத்தம் முழு டேஷ்போர்டுக்கும் பரவும். நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரியும். மோசமான சாலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக மெல்ல அழுத்திப் பிடிக்கும்போது சத்தம் குறைந்தாலும் இதுவே காரணம். கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்குவதோடு நிறுத்தாமல் புஷ்களையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டீயரிங் விஷயத்தில் பேக்கிங் வைத்து ஒப்பேற்றக்கூடாது. கதவுக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றியும் முழுவதும் இறக்கியும் பாதியில் நிறுத்தியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கதவுக்குள் ஆடும் கண்ணாடியின் சத்தம் டேஷ்போர்டின் ஓரத்திலிருந்து வருவதாகவே தோன்றும்.

முறுகும்போது மட்டும் கிறீச் என்று வருவது பாடி மவுண்டிங் சத்தம். சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் பாடியைத் தாங்கும் இடங்களில் உள்ள பேக்கிங் நைந்து, துரு ஏறி, போல்ட் தளர்ந்திருக்கும். ஃபயர்வாலின் அடிப்பகுதியைத் தாங்கும் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். சேசிஸின் அந்தக் கை துருவில் இற்றுப்போயிருந்தால் அது டிங்கர் பார்க்க வேண்டிய வேலை, இந்தப் பதிலின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

இவ்வளவும் தாண்டிச் சத்தம் எஞ்சியிருந்தால் மட்டுமே டேஷ்போர்டின் பின்புறம் போக வேண்டும். மறுபடியும் எர்த் முனையைக் கழற்றுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வடிவமைப்புகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு இணைக்கும் முறை, இருந்ததுண்டு. எனவே குறியை நம்பாமல், பாடியோடு இணைந்திருக்கும் முனை எதுவோ அதை முதலில் கழற்ற வேண்டும். பிறகு டார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், பொறுமையாகப் பாருங்கள். இரண்டு இரும்புப் பாகங்கள் நெடுநாள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஓர் அடையாளம் இருந்தே தீரும். சுற்றிலும் தூசியும் மங்கிய பெயின்ட்டும் இருக்க, மிளகளவு இடம் மட்டும் தேய்ந்து வெள்ளியாகப் பளபளக்கும். அல்லது ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் நுண்ணிய பொடி படிந்திருக்கும். அந்தப் பொடி, இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும் இணைப்பு உள்ளே அசைந்து உராய்ந்து உதிர்த்த துரு. ஸ்பேனர் வைத்து நூறு போல்ட்டுகளைச் சோதிப்பதைவிட இந்த அடையாளங்களைத் தேடும் அரை மணி நேரம் அதிகம் சொல்லும். டேஷ்போர்டை அவசரப்பட்டுக் கழற்றினால் அழிந்துபோவதும் இவைதான்.

மீட்டர்கள் ஒவ்வொன்றும் பின்புறம் ஒரு வளைந்த பட்டியாலும் சிறு நட்டுகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் வாஷர் தொலைந்த நட்டுகள் தானாகத் தளரும். அவற்றை விரலால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று போதும். கூடினால் பட்டி வளையும் அல்லது மீட்டர் கண்ணாடி விரிசல் விடும். வைப்பர் மோட்டாரிலிருந்து இரு வைப்பர்களுக்கும் போகும் பல் கம்பி ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அந்தக் குழாய் டேஷ்போர்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் குறுக்காகச் செல்வதால் அதன் நட்டுகள் தளர்ந்தாலோ கிரீஸ் காய்ந்தாலோ பள்ளந்தோறும் சலசலக்கும். பலரும் இதை ஒயர்க் கட்டின் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒயர்க் கட்டு தகட்டைத் தொடும் இடங்களில் துணி டேப் சுற்றுங்கள். கிளவ் பாக்ஸ் மூடிக்கு அதன் முட்டு ரப்பரே மருந்து. டேஷ்போர்டின் நடுவிலிருந்து கீழே இறங்கும் தாங்கு சட்டத்தின் ஸ்க்ரூக்கள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ரேடியோ பொருத்தும்போது அந்தச் சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டவர்கள் உண்டு. அது இல்லாத டேஷ்போர்டு நடுவில் தொய்ந்து ஆடும்.

டேஷ்போர்டு அழுத்திய நார்ப்பலகையானாலும் ஒட்டுப்பலகையானாலும் பருவத்துக்கு ஏற்ப அது உப்பும், சுருங்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காணாமல் போன கடகடப்பு பங்குனி, சித்திரையில் திரும்பி வந்தால், பலகைக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். அகன்றுபோன ஸ்க்ரூ துளையில் பெரிய ஸ்க்ரூவை முறுக்குவது பலகையைப் பிளக்கும். மூங்கில் சிம்பு ஒன்றை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டத்துக்கு வெட்டி, பழைய அளவு ஸ்க்ரூவையே கப் வாஷரோடு போடுங்கள். பலகை தகட்டில் உட்காரும் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஃபெல்ட் பட்டை ஒட்டினால் போதும். சிலிக்கான் பசையும், அடித்ததும் உப்பிப் பெருகும் ஃபோமும் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை ஒரு பல்பை மாற்றக்கூட வழியிருக்காது.

இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. நீங்கள் எல்லா ஸ்க்ரூக்களையும் ஏற்கெனவே இறுக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். பலகை கோணலாக இழுபட்டு நிற்கும் வாய்ப்பு அதனாலேயே அதிகம், அப்படி இழுபட்ட பலகை ஓரிடத்தில் தகட்டை விட்டு எழும்பி அங்கே அதிரும். எல்லாவற்றையும் ஒரு சுற்று தளர்த்தி, பலகையை இரு கைகளாலும் ஆட்டி இயல்பாக உட்கார விட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மாறி மாறி, இரண்டு தடவையாக இறுக்குங்கள்.

சோதனை ஓட்டத்தில் எப்போதும் இன்னொருவர் உடன் இருக்கட்டும். தேடும் வேலை அவருடையது, ஓட்டுபவரின் கண் சாலையிலேயே இருக்க வேண்டும். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இடம் இடமாக நகர்த்தினால் சத்தத்தின் இருப்பிடம் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். கைபேசியில் பதிவுசெய்து ஒப்பிடும் யோசனை நல்லதே, ஆனால் பல கைபேசிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே கூட்டியும் பெரிய ஒலியைக் குறைத்தும் பதிவு செய்வதால் இரண்டு இடங்களின் ஒலி அளவை அதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. குழாய் அப்படி ஏமாற்றாது.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை நான் பார்க்கும் வரிசை இது: ஸ்பாஞ்சை எடுத்து வண்டியைக் காலி செய்தல், பேட்டரி கிளாம்ப், பானெட் முட்டு ரப்பர்கள், பிறகு ஸ்பீடாமீட்டர் கேபிள் இல்லாமல் ஓர் ஓட்டம். கேபிள் இல்லாமல் ஓட்டியும் சமமான சாலையில் 45இல் சத்தம் வந்தால், மூன்றாம் கியரில் அது எந்த வேகத்தில் வருகிறது என்பதையும், நியூட்ரலில் உருளும்போது நிற்கிறதா என்பதையும் குறித்து எழுதுங்கள். அந்த இரண்டு விடைகளும் தெரிந்தால், சக்கர பேலன்ஸா, சைலன்சர் குழாயா, கியர் லீவரா என்பதை அடுத்த கட்டமாகப் பிரித்துச் சொல்லிவிட முடியும்.